நான்கு பேரில் யாருக்கு மாடரேட்டர் பொறுப்பு?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். 5 வருடமாக இணையத்தில் ஒரு புகைப்படக் குழுவை நீங்களும் இன்னொருவரும் நடத்துகிறீர்கள். உறுப்பினர்கள் 6,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். ராத்திரியானால் சண்டை, காலையில் எழுந்ததும் அதைக் கூட்டித் தள்ளுவதே வேலை. "யாராவது கை கொடுக்க முடியுமா" என்று அறிவித்ததும் நான்கு பேர் முன்வந்தார்கள்: குழுவிலேயே அதிகமாக எழுதுபவர், உங்கள் பழைய நண்பர், ஏற்கெனவே மூன்று குழுக்களில் மாடரேட்டராக (பதிவுகளைக் கவனித்து, விதி மீறியவற்றை நீக்கும் பொறுப்பில்) இருப்பவர், அப்புறம் அதிகம் பேசாத ஒரு பெண். இவர்களில் யாரைப் போடுவது, இல்லை ஓட்டுக்கு விட்டுவிடலாமா என்பது கேள்வி. ஆனால் உங்கள் பயமெல்லாம் கடைசி வரியில் இருக்கிறது: "கொடுத்த பிறகு தப்பாகிவிட்டால்?" அதாவது, நீக்கும் பொத்தான் கைக்கு வந்ததும் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். ஓட்டு விஷயம் நடுவில் வரும்.

நான் 16 வருடமாக இதில் இருக்கிறேன். மென்பொருள் உதவிக் குழு ஒன்றில் சாதாரண மாடரேட்டராகத் தொடங்கி, பிறகு அதன் பொறுப்பாளரானேன். இப்போது நோயாளிகளை வீட்டில் கவனித்துக்கொள்பவர்களுக்கான ஒரு குழுவை நடத்துகிறேன். இதுவரை 40 பேரையாவது நானே தேர்ந்தெடுத்திருப்பேன். அதில் 9 பேர் விஷயத்தில் என் கணக்குத் தப்பியது. 20,000 பேருக்கு மேற்பட்ட கூட்டத்தை நான் மேய்த்ததில்லை. ஆகவே நான் சொல்வது உங்கள் குழு அளவுக்குப் பொருந்தும். லட்சக்கணக்கில் ஆட்கள் கூடும் இடத்துக்கு அப்படியே தூக்கிப் போட வேண்டாம்.

ஆள் தேடுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தைச் செலவழித்து, போன மாதம் நீங்கள் இருவரும் என்னென்ன செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீக்கியதில் பாதி ஸ்பேம் (வேண்டாத விளம்பரப் பதிவு) என்றால் உங்களுக்கு வேண்டியது ஆள் இல்லை, புதியவர்களின் முதல் இரண்டு பதிவுகளை நிறுத்திவைக்கும் ஓர் அமைப்பு. சண்டைகளில் முக்கால்வாசி அதே ஐந்தாறு பேருக்குள் நடக்கிறது என்றால், அந்த ஐந்தாறு பேரிடம் தனித்தனியே பேசாமல் பத்து மாடரேட்டர்களைப் போட்டாலும் பலன் இருக்காது. பல வேலைகளைப் பதவி எதுவும் கொடுக்காமலே பகிர முடியும். டிஸ்கோர்ஸ் என்ற, விவாதக் குழு நடத்தும் மென்பொருளில் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை நிலைகள் 0 முதல் 4 வரை உண்டு. தொடர்ந்து வந்து படிப்பவருக்கு உரிமைகள் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். கடைசி நிலையை மட்டும் நிர்வாகி கையால் கொடுக்க வேண்டும். 1997-ல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இன்னும் வேடிக்கையான வழியைக் கண்டுபிடித்தது. வழக்கமாக வந்துபோகும் வாசகர்களில் சிலரை அமைப்பே பொறுக்கி எடுத்து, மற்றவர்களின் கருத்துகளை மதிப்பிட ஆளுக்கு 5 புள்ளிகள் கொடுக்கும். மூன்று நாளில் பயன்படுத்தாவிட்டால் அவை காலாவதி. தான் பேசிய விவாதத்தில் தானே மதிப்பிட முடியாது. அதிகாரம் சிறியது, ஆயுள் குறைவு, கேட்டு வாங்கவும் முடியாது. அந்த மென்பொருளெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் அந்த மூன்று குணங்களையும் நினைவில் வையுங்கள். பின்னால் பயன்படும்.

சரி, எண்ணிப் பார்த்த பிறகும் ஆள் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அநேகமாகச் சந்தேகமே இல்லாத ஒரு விஷயம்: அதிகமாக எழுதுபவர் என்பது தகுதியே இல்லை. அது அன்பின் அடையாளம், அவ்வளவுதான். மென்பொருள் குழுவில் எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். எந்தக் கேள்விக்கும் படம் வரைந்து பதில் சொல்வார். நான் பெருமையாக அவரை மாடரேட்டர் ஆக்கினேன். நான்கு மாதத்தில் அவருடைய பதில்கள் நின்றுபோயின. நாள் முழுக்கப் புகார் வரிசையைப் பார்த்துவிட்டு எழுத அவருக்குத் தெம்பு இல்லை. ஒரு நல்ல ஆசிரியரை எடுத்து வாயிற்காவலராக நிறுத்திவிட்டோம். ஆண்டுக் கடைசியில் அவர் இரண்டையும் விட்டுவிட்டுப் போனார். உங்கள் ஆளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதிகமாக எழுதுபவருக்கு எல்லாச் சண்டையிலும் ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கும். நாளை அவர் ஒரு பதிவை நியாயமாகவே நீக்கினாலும், "போன வருடம் லென்ஸ் விவாதத்தில் தோற்றதற்குப் பழிவாங்குகிறார்" என்று இரண்டு பேராவது சொல்வார்கள்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? அவர் இதுவரை அனுப்பிய புகார்களை. இதை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒரு சாதாரண உறுப்பினர் "இந்தப் பதிவைக் கவனியுங்கள்" என்று உங்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு புகாரும் ஒரு சின்னத் தீர்ப்பு. அதிகாரம் வருவதற்கு முன்பே, யாரும் பார்க்காதபோது எழுதிய தீர்ப்பு. கடந்த ஒரு வருடப் புகார்களை ஆள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எத்தனை புகாரில் நீங்கள் நடவடிக்கை எடுத்தீர்கள்? காரணம் எழுதியிருக்கிறாரா, வெறுமனே பொத்தானை அழுத்தியிருக்கிறாரா? தனக்குப் பிடித்தவர் எல்லை மீறியபோதும் அனுப்பியிருக்கிறாரா? தன்னோடு வாதாடியவரைப் பற்றி மட்டுமே அனுப்பியிருக்கிறாரா? 50 புகார் அனுப்பி அதில் 45 சரியாக இருந்த ஒருவர், ஏற்கெனவே உங்களுக்காகச் சம்பளமும் பெயரும் இல்லாமல் மாடரேட்டராக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பேசாத பெண்மணி இந்தப் பட்டியலில் மேலே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதிகம் எழுதாதவர் அதிகம் படிக்கிறவராக இருக்க வாய்ப்புண்டு. புகார் வசதி உங்கள் தளத்தில் ஒழுங்காக இல்லை என்றால், உங்களுக்குத் தனிச்செய்தியில் வந்த முறையீடுகளைத் தேடிப் பாருங்கள். அதுவே போதும்.

அடுத்தது, அவருடைய பதிவு ஒன்று நீக்கப்பட்ட நாளைத் தேடுங்கள். 5 வருடத்தில் ஒரு தடவையாவது நடந்திருக்கும். அன்று என்ன செய்தார்? காரணம் கேட்டுவிட்டு விட்டாரா, கோபத்தில் நாலு வரி எழுதிவிட்டு மறுநாள் தணிந்தாரா, அல்லது ஆறு மாதம் கழித்தும் வேறொரு திரியில் (வேறொரு தலைப்பில் தொடரும் விவாதத்தில்) அதைக் குத்திக்காட்டினாரா? கோபப்பட்டவரை நான் தள்ளிவிட மாட்டேன். மறக்காதவரைத் தள்ளிவிடுவேன். மூன்றாவது, "எந்தக் கேமரா வாங்கலாம்" என்று நூறாவது தடவையாகக் கேட்கும் புதியவரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பது. அவர்களிடம்தானே நாளை அவர் அதிகம் பேசப்போகிறார்.

தானாக முன்வந்தவரை நம்பலாமா என்பதில் எனக்கே உறுதியில்லை. "பதவியை விரும்புகிறவனுக்குப் பதவி கொடுக்காதே" என்று பலர் சொல்வார்கள். நானும் சில வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் என்னிடம் இருந்த மிகச் சிறந்த மாடரேட்டர்களில் இருவர் தாமாகவே கேட்டு வந்தவர்கள். ஒரே கேள்வி கேட்டு ஓரளவு பிரித்துக்கொள்கிறேன்: "நாளைக் காலையில் உங்களுக்கு உரிமை வந்துவிட்டது, முதலில் என்ன செய்வீர்கள்?" பதிலில் ஆட்களின் பெயர் வந்தால் வேண்டாம். வேலையின் பெயர் வந்தால், உதாரணமாகப் பழைய திரிகளுக்குத் தலைப்புச் சரிசெய்வேன், திருட்டுப் படப் புகார்களுக்கு ஒரு வழிமுறை எழுதுவேன் என்றால், மேலே பேசலாம். இன்னொன்று: பகிரங்க அறிவிப்புக்குக் கை தூக்காதவர்களும் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். நேரில் கேட்டால்தான் வருவார்கள். அவர்களையும் சேர்த்தால் உங்கள் பட்டியல் நான்கோடு நிற்காது.

இப்போது ஓட்டு. பெரிய இடங்கள் ஓட்டெடுப்பு நடத்துகின்றன என்பது உண்மை. ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளங்களில் மாடரேட்டர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் புதிதாகத் தொடங்கும் தளத்தில் முதலில் நிறுவனமே தற்காலிகமாக ஆட்களை நியமிக்கும். தளம் வேரூன்றிய பிறகே தேர்தல். விவரம் தெரிந்த வாக்காளர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாமல் தேர்தல் வைத்தால் தெரிந்த பெயர் ஜெயிக்கும், அவ்வளவுதான் நடக்கும். உங்கள் குழுவில் அந்தத் தெரிந்த பெயர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவின் கதை இதைவிடப் படிப்பினை கொண்டது. நிர்வாகி ஆவதொன்றும் பெரிய விஷயமில்லை என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2003-ல் எழுதினார். அப்போது அது உண்மையாகவும் இருந்தது. 2007-ல் ஒரே வருடத்தில் 400 பேருக்கு மேல் நிர்வாகி ஆனார்கள். வேட்பாளரை ஒரு வாரம் எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் முறை அது. வருடங்கள் போகப் போக அந்த விசாரணை கடுமையாகி, பத்து வருடத்துக்கு முன் செய்த தவற்றைக்கூடத் தோண்டியெடுக்கும் இடமாக மாறியது. 2021-ல் தேர்வானவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. தகுதியானவர்கள் "எனக்கு எதற்கு இந்த வம்பு" என்று ஒதுங்கிவிட்டார்கள். 2024 அக்டோபரில் ரகசிய வாக்கெடுப்பைச் சோதித்துப் பார்த்தார்கள்: 32 பேர் நின்றார்கள், 11 பேர் வென்றார்கள். அதே வருடத்தில், நிர்வாகியாகிவிட்டவரைத் திரும்ப அழைக்கும் முறையையும் உறுப்பினர்கள் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். எடுத்துவிட முடியாத பதவியைக் கொடுக்கும்போதுதான் ஆளைச் சல்லடை போட்டுச் சலிக்கத் தோன்றும். எளிதில் திரும்பப் பெறலாம் என்றால் கொடுப்பவரின் கையும் நடுங்காது.

ஆகவே நான் ஓட்டு வைப்பதில்லை. அதற்குப் பதில் ஒன்று செய்கிறேன். நானும் மற்ற மாடரேட்டர்களும் பேசி முடிவு செய்த பெயர்களை அறிவித்து, "இவரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பத்து நாளுக்குள் எனக்கோ இன்னாருக்கோ தனியாக எழுதுங்கள், உங்கள் பெயர் வெளியே போகாது" என்று கேட்கிறேன். எழுதுவதற்கு இரண்டு பேரின் பெயரைக் கொடுப்பது முக்கியம். ஒருவரிடம் சொல்லத் தயங்குகிறவர் இன்னொருவரிடம் சொல்வார். என் 9 தப்புக் கணக்கில் 3 இந்தப் படி இல்லாததால் நேர்ந்தவை. வெளியே தங்கமான மனிதர், தனிச்செய்தியில் பெண் உறுப்பினர்களுக்குத் தொல்லை. பொதுத்திரிகளை எவ்வளவு படித்தாலும் உங்களுக்கு அது தெரிய வராது. பாதிக்கப்பட்டவர்கள் ஓட்டெடுப்பில் எதிர்த்து ஓட்டுப் போடுவதோடு சரி, காரணம் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேட்டபோதுதான் சொன்னார்கள். வருகிற ஒவ்வொரு ஆட்சேபமும் உண்மையாகிவிடாது, பழைய பகையும் வரும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் நான் அந்தப் பெயரை எடுத்துவிடுவேன், விசாரணை எல்லாம் நடத்துவதில்லை. இது நீதிமன்றம் அல்ல. ஒரு பொறுப்பைக் கொடுக்காமல் இருப்பது தண்டனையும் அல்ல.

நண்பர் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். அவர் நன்றாகவே செய்யக்கூடும். ஆனால் ஒருநாள் அவரை விலக்க வேண்டி வந்தால் உங்களால் முடியுமா? முடியாது என்று பட்டால் நியமிக்க வேண்டாம். மூன்று குழுக்களில் மாடரேட்டராக இருப்பவரைப் பற்றி அந்த மூன்று இடங்களிலும் விசாரியுங்கள். நேரம் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். அனுபவம் நல்லதுதான், ஆனால் அந்தக் குழுக்களின் சட்டதிட்டத்தையும் சேர்த்தே கொண்டுவருவார். ஆறு மாதம் கழித்து உங்கள் குழு அவற்றைப் போலவே நாற ஆரம்பிக்கலாம். இல்லை, மணக்கவும் கூடும்.

நேர்காணலைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. பேச்சில் எல்லோரும் நிதானமானவர்களே. நான் நான்கைந்து பழைய வழக்குகளைப் பெயர் மாற்றி அனுப்பி எழுத்தில் பதில் கேட்கிறேன். உங்களுக்கு ஒன்று: ஒரு புதியவர் படம் போடுகிறார். நீண்ட கால உறுப்பினர் ஒருவர் "திருடிய படத்தைப் போட வெட்கமாக இல்லையா" என்று கேட்கிறார். படம் உண்மையிலேயே வேறொருவருடையது. புதியவர், அது தெரியாமல் எடுத்ததாகச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்? இதற்குச் சரியான விடை என்று ஒன்றை நான் வைத்துக்கொள்வதில்லை. "இந்தப் புதியவர் இதற்கு முன் என்ன போட்டிருக்கிறார்? அந்த உறுப்பினருக்கு இதே மாதிரி ஏற்கெனவே எச்சரிக்கை போயிருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிறாரா என்று பார்க்கிறேன். கேட்காமலே தீர்ப்புச் சொல்பவரிடம் கவனமாக இருப்பேன். நான் அனுப்பும் வழக்குகளில் ஒன்று, நானே தப்பாக முடிவெடுத்தது. அதை யாராவது சுட்டிக்காட்டினால் எனக்கு அன்றைய நாள் நல்ல நாள்.

எழுதத் தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலக்கியம் வேண்டாம், "உங்கள் பதிவை இன்ன காரணத்துக்காக எடுத்தோம், இப்படி மாற்றினால் மறுபடி போடலாம்" என்று குத்தல் இல்லாமல் இரண்டு வரி. நீக்கத்துக்குக் காரணம் சொன்னால் அந்த உறுப்பினரின் பதிவுகள் பிற்பாடு நீக்கப்படும் வாய்ப்புக் குறைகிறது என்று ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. என் அனுபவமும் அதுவே. அந்த இரண்டு வரி எழுதச் சோம்பல்படுபவர், அடுத்த வாரம் வரப்போகும் சண்டையை இன்றே சேமித்து வைக்கிறார்.

இனி, தப்பாகிவிட்டால் என்ன செய்வது. இதை நியமிப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நான் வைக்கும் ஏற்பாடு இது: முதல் மூன்று மாதம் பதிவை மறைக்கலாம், அழிக்க முடியாது, 24 மணிநேரம் முடக்கலாம், நிரந்தரத் தடை போட முடியாது, ஒவ்வொரு செயலுக்கும் மற்ற மாடரேட்டர்கள் பார்க்கும் குறிப்பேட்டில் ஒரு வரி. தான் கலந்துகொண்ட விவாதத்தில் கை வைக்கக் கூடாது. பொறுப்பு ஒரு வருடத்தோடு தானாக முடிந்துவிடும். இருவருக்கும் விருப்பமென்றால் புதுப்பிக்கலாம். இந்தக் கடைசி விதியை நான் மிகத் தாமதமாகத்தான் கற்றேன். களைத்துப்போன மாடரேட்டர் "விலகுகிறேன்" என்று சொல்ல வெட்கப்படுவார். வருடம் முடிந்தால் வெட்கமில்லாமல் போகலாம். தொழில்நுட்பப் பக்கத்தில், மாடரேட்டர் உரிமை போதும் என்ற இடத்தில் அட்மின் உரிமை (தளத்தின் அமைப்புகளையே மாற்றும் உரிமை) கொடுக்காதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும்) கட்டாயம். குழுவின் உரிமையாளர் கணக்கை எக்காரணம் கொண்டும் பகிராதீர்கள். ரெட்டிட்டில் முன்னால் சேர்ந்த மாடரேட்டர் பின்னால் சேர்ந்தவரை நீக்கலாம், பின்னவர் முன்னவரை நீக்க முடியாது. அதனால் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத ஒருவர் திடீரென்று திரும்பி வந்து, உழைத்துக்கொண்டிருப்பவர்களை வெளியே தள்ளவும் அங்கே முன்பு வழியிருந்தது. உங்கள் தளத்தில் யாரை யார் நீக்க முடியும் என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

விலக்கும் நாள் வந்தால் உரிமையை எடுப்பதும் தகவல் சொல்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒருவரிடம் "ஞாயிற்றுக்கிழமை பேசலாம், கொஞ்சம் வருத்தமான விஷயம்" என்று மரியாதைக்காக வெள்ளிக்கிழமை செய்தி அனுப்பினேன். சனிக்கிழமை இரவு 300 திரிகள் காணாமல் போயின. நல்லவேளை, நகல் இருந்தது. இருந்தும் இரண்டு நாள் உழைப்பு போயிற்று. மரியாதையைப் பேச்சின் தொனியில் காட்டலாம், இரண்டு நாள் அவகாசத்தில் காட்ட வேண்டியதில்லை.

சம்பளம் பற்றியும் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தன்னார்வலராக வைத்துக்கொண்டு, நேர அட்டவணை, கட்டாய அறிக்கை என்று ஊழியரைப் போல நடத்தாதீர்கள். அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அப்படி வேலை பார்த்தார்கள். 1999-ல் வழக்கு வந்தது. கடைசியில் 2010-ல் 1.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் ஆயிற்று. உங்கள் குழுவுக்கு அந்த அளவு ஆபத்து வராது, ஆனால் பணம் கொடுப்பதாக இருந்தால் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இது என் துறை இல்லை.

இந்த நான்கு பேரைப் பற்றி நேரடியாகக் கேட்டால்: அந்தப் பெண்ணின் புகார்களை முதலில் பாருங்கள். நன்றாக இருந்தால் அவரை எடுங்கள், ஆனால் தனியாக எடுக்காதீர்கள். கூடவே இன்னொருவரையும் சேருங்கள். புதியவர்கள் இருவராக இருந்தால் உங்களிடம் கேட்கக் கூசும் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். அந்த இரண்டாமவர் மூன்று குழுக்காரராக இருக்கலாம், அல்லது இன்னும் கை தூக்காத யாரோ ஒருவராகவும் இருக்கலாம். அதிகமாக எழுதுபவருக்கு வாராந்தரப் படப் போட்டியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள், அதில் அவர் ஜொலிப்பார். நண்பரிடம் இன்றே தொலைபேசியில் பேசிவிடுங்கள். அறிவிப்பைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

அந்தப் பெண், தான் முன்வந்ததையே மறந்தவர் போல "எனக்கு அவ்வளவு தகுதி இருக்கிறதா தெரியவில்லை" என்று பின்வாங்கக்கூடும். வற்புறுத்த வேண்டாம். அவர் அனுப்பிய புகார்களில் சிறந்த மூன்றை எடுத்து, "இவற்றால் நாங்கள் இன்னின்னது செய்தோம்" என்று எழுதிவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். என்னிடம் இப்போது இருக்கும் ஏழு பேரில் மூன்று பேர் இரண்டாம் முறை கேட்டபோது வந்தவர்கள்.